மருதையாறு, பொன்பரப்பி, 1987

அரியலூரை அடுத்து இருப்புப்பாதை மருதையாற்றைக் கடக்கிறது. 1956 நவம்பர் 23 அன்று அங்கே வெள்ளத்தில் பாலம் சிதைந்து தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் வீழ்ந்தது. 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி துறந்தார். இதனை நாம் அறிவோம். அதே ஆற்றின் மற்றொரு துயரைப் பேசத்தான் தயங்குகிறோம்.

1987 மார்ச் 15 அன்று தமிழ்நாடு விடுதலைப் படையினர் வைத்த குண்டால் பாலம் தகர்ந்து மலைக்கோட்டை விரைவு வண்டி கவிழ்ந்தது. பயணிகள் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவ்வமைப்பின் தலைவர் தமிழரசன், பொறியியல் படிப்பைத் துறந்து நக்சல்பாரி இயக்கத்தில் சேர்ந்து, பின்னர் தமிழ்த்தேசியத்திற்கு வந்தவர். செப்டம்பர் 1 அன்று பொன்பரப்பியில் வங்கிக் கொள்ளையின்போது தோழர்களுடன் அடித்துக் கொல்லப்பட்டார். கொள்ளையரென்று கருதி ஊரார் அடித்தனர் என்பர் சிலர். கூட்டத்தில் மாறுவேடக் காவலர் இருந்தனர் என்பர் அவருடைய ஆதரவாளர்.

பதினாறே நாள்களில், செப்டம்பர் 17 அன்று, வட மாவட்டங்களில் வன்னியர் சங்கத்தின் ஒருவாரச் சாலை மறியல் தொடங்கியது. அரசின் முதல் மறுமொழி துப்பாக்கிச் சூடு. போராட்டத்தில் 21 பேர் உயிரிழந்தனர். பின்னரே பேச்சுவார்த்தை நடந்தது. 1989இல் கலைஞர் அரசு மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு இடஒதுக்கீடு அளித்தது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் ஒன்று விளங்குகிறது. மறியலுக்குப் பின்னால் பெருந்திரள் மக்களும், அரசாணையாக எழுதத்தக்க கோரிக்கையும் இருந்தன. குண்டோ யாருடைய விடுதலைக்கென்று சொல்லப்பட்டதோ அம்மக்களையே கொன்றது. இனிச் செவிமடுக்க வேண்டியதில்லை என்னும் வசதியை அரசுக்கு அளித்ததும் அதுவே. சாதிக்கொடுமை குறித்தும் தமிழக உரிமைகள் குறித்தும் தமிழரசன் எழுப்பிய வினாக்கள் காவல்துறைக் கோப்புகளுக்குள் அடங்கிப்போயின. 2002இல் பொடா சட்டத்தின்கீழ் அவ்வமைப்பு தடைசெய்யப்பட்டது. 2004இல் பொடா நீங்கிய பின்னும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டப் பட்டியலில் அப்பெயர் தொடர்ந்தது.

எனினும் அரசைக் குற்றமற்றதெனக் கூற நமக்கு மனமில்லை. 1989இல் கொடுக்க முடிந்ததை 1987இல் பேசித் தந்திருக்கலாகாதா? முதலில் சுட்டுவிட்டுப் பின்னர் கொடுக்கும் அரசு, குருதி சிந்தினால்தான் செவி திறக்கும் என்னும் பாடத்தையும் சேர்த்தே கற்பிக்கிறது.

வீழ்ந்தோர்க்கு நடுகல் எடுப்பது நம் மரபு. மறியலில் மாண்ட 21 பேருக்கு 2025இல் விழுப்புரத்தில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. தமிழரசனுக்கும் நினைவேந்துவோர் உளர். எந்தக் கொடியும் ஏந்தாது வண்டியில் உறங்கிச் சென்ற அந்தப் பயணிகளில் ஒருவர் பெயரையேனும் நாம் அறிவோமா?