தீர்ப்போடு முடியாத வழக்கு: ‘ஏஸ் அட்டர்னி’யும் செம்மணியும்

நீதிமன்றக் கேம் எண்டால் எங்கட வட்டத்தில முதலில் வாற பெயர் ‘ஏஸ் அட்டர்னி’. கப்கொம் நிறுவனத்துக்காக ஷூ தகுமி எழுதி இயக்கிய முதல் கேம் 2001 ஒக்டோபரில் ஜப்பானில் ‘கேம் போய் அட்வான்ஸ்’ கருவிக்கு வெளியானது. 2005இல் ஆங்கிலத்தில் வந்தது. ஓட்டமோ சண்டையோ கிடையாது. வாசிக்க வேணும், சாட்சி சொல்லுற பொய்யைப் பிடிக்க வேணும், அவ்வளவுதான். அதை இரண்டாம் தரம் விளையாடேக்க கொலைகாரன் ஆர் எண்டு ஏற்கெனவே தெரியும். அதனால் கண் வேறு பக்கம் போகுது: இந்த நீதிமன்றம் எப்படி இயங்குது?

குறுக்கு விசாரணையில் எங்களுக்கு இரண்டே வழிதான். சாட்சியின் ஒரு வசனத்தை நிறுத்தி, “பொறு! அதை விளக்கமாய்ச் சொல்லு” எண்டு துருவலாம். இல்லாவிட்டால் சான்றுப்பொருளைக் காட்டி, ஆட்சேபனை சொல்லலாம். துருவாமல் விட்டால் முக்கியமான வசனம் வெளியிலேயே வராது.

இது வெறும் விளையாட்டு விதியல்ல. ஜப்பானில் குற்றவியல் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் 99 வீதத்துக்கும் மேல் குற்றவாளி எண்டுதான் தீர்ப்பு வரும். பொதுமக்கள் நீதிபதிகளோடு சேர்ந்திருந்து தீர்ப்புச் சொல்லும் முறை 2009இல்தான் அங்கே தொடங்கியது. கேமில் எந்த வழக்கும் மூன்று நாளுக்குள் முடிய வேணும், எதிரி குற்றவாளி எண்ட எண்ணத்தோடதான் எல்லாரும் உள்ளே வருகிறார்கள். அந்த அவசரத்தைக் கேலி செய்கிற கதை இது.

முதல் கேமின் நான்காவது வழக்கை எடுங்கோ (கதையின் முடிவு இங்கே வரும்). நிலநடுக்கத்தில் நின்றுபோன லிப்டுக்குள் ஒரு சட்டத்தரணி சுடப்பட்டுச் செத்துப்போகிறார். செத்தவரின் ஆவியை அழைத்துக்கூடப் பொலிஸ் கேட்டுப் பார்க்குது, உண்மை வரவில்லை. 15 வருடம் கடந்தால் வழக்குக் காலாவதி. அந்தக் கடைசி நாளில், நாற்பது வருடம் தோற்காத வழக்குத்தொடுநரின் தோளுக்குள் இருக்கிற துப்பாக்கிக் குண்டு அவரைக் காட்டிக்கொடுக்குது. அவர் அலறி ஒப்புக்கொள்கிறார். வழக்கு முடிஞ்சுது. கேம் வெளியான காலத்தில் ஜப்பானில் கொலைக்கு அந்த 15 வருட எல்லை உண்மையிலேயே இருந்தது. 2010இல்தான் அதை முற்றாக நீக்கினார்கள்.

அரியாலையில் இருந்து இதை விளையாடுகிற எங்களுக்கு இடிக்கிற இடம் இந்த முடிவுதான். எங்கட ஊர் வழக்கில் நீதிமன்றத்தில் சொன்ன உண்மையோட எதுவும் முடியவில்லை.

1996 செப்ரெம்பர் 7. சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி உயர்தர இரசாயனவியல் பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பும்போது செம்மணிச் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டார். அவரைத் தேடிப்போன தாய், தம்பி, அயலவர் மூவரும் திரும்பவில்லை. நால்வரும் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டிருந்தார்கள். வழக்குக் கொழும்பு மேல் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் முன்னால் நடந்தது. 1998 யூலை 3இல் லான்ஸ் கோப்ரல் சோமரத்ன ராஜபக்ச உட்பட எதிரிகள் சிலருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

தண்டனைக்கு முன் சொல்ல ஏதும் உண்டா எண்டு கேட்டபோது ராஜபக்ச சொன்னது, செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் புதைக்கப்பட்டிருக்கு, இடத்தைக் காட்டத் தயார் எண்டு. கேமாக இருந்தால் இசை மாறி, திரை அதிர்ந்து, எல்லாம் முடிஞ்சிருக்கும். இங்கே 1999 யூனில் அவரைக் கொண்டுவந்து இடம் காட்டவைத்தார்கள். அந்த வருட அகழ்வில் 15 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. படையினர் சிலர் கைதாகிப் பிணையில் போனார்கள். பிறகு வழக்கு நகரவில்லை. துருவ வேண்டிய வசனம் பதிவேட்டில் அப்படியே கிடந்தது.

இதில் சட்டத்தைக் குறை சொல்லவும் ஏலாது. இலங்கையின் 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டப்படி கொலைக்குக் காலாவதி கிடையாது. ஜப்பான் 2010இல் எட்டின இடத்தில் நாங்கள் எப்பவோ நிற்கிறோம். ஆனால் எல்லை இல்லாத வழக்கை ஒத்திப்போட்டுக்கொண்டே இருக்கலாம். நாள் குறிச்ச வழக்கில் கடைசி நாள் எண்ட பதற்றமாவது இருக்கும்.

2025 பெப்ரவரியில் அரியாலை சித்துப்பாத்தி இந்து மயானத்தில் தகனமேடை கட்டக் கிண்டியவர்கள் மனித எலும்புகளைக் கண்டார்கள். யாழ்ப்பாண நீதவான் நீதிமன்றத்தின் உத்தரவில், தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவவின் வழிகாட்டலில், மே மாதம் அகழ்வு தொடங்கியது. செப்ரெம்பர் ஆரம்பம் வரை 240 எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. சின்னப் பிள்ளைகளுடையவையும் அதில் உண்டு. ஒரு நீலப் புத்தகப் பை, பொம்மை, வளையல், செருப்பு, பால்போத்தல் எண்டு பொருட்களும் வந்தன. ஓகஸ்ட் 5இல் நீதிமன்றம் அவற்றைப் பொதுமக்களுக்குக் காட்டியது, ஆரும் அடையாளம் காண்பார்களா எண்டு.

கேமில் சான்றுப்பொருள் பட்டியலைத் திறந்தால் ஒவ்வொரு படத்துக்குக் கீழும் ஒரு விளக்கம் இருக்கும்: எங்கே கிடைத்தது, ஆருடையது. சித்துப்பாத்திப் பட்டியலில் அந்த இரண்டாவது வரி இன்னும் வெறுமை. இவர்கள் ஆர், எப்போது, எப்படிச் செத்தார்கள் எண்டதைத் தடயவியலும் நீதிமன்றமும்தான் சொல்ல வேணும். 1998 வாக்குமூலத்தோடு இந்த மயானத்தை நாங்களாகவே முடிச்சுப்போட்டுத் தீர்ப்பெழுதினால், கேம் கேலி செய்கிற அதே அவசரத்தைத்தான் நாங்களும் செய்கிறோம்.

ஆனால் பொறுமை வேறு, துருவாமல் விடுறது வேறு. அதே ஓகஸ்டில் ராஜபக்சவின் மனைவி ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதினார், சர்வதேச விசாரணை நடந்தால் கணவர் சாட்சி சொல்லத் தயார் எண்டு. மரண தண்டனைக் கைதி ஒருவரின் சொல்லை அப்படியே நம்பச் சொல்லவில்லை. நம்பத் தேவையில்லாததாலதான் குறுக்கு விசாரணை எண்ட ஒண்டு இருக்கு. 27 வருடத்துக்கு முதல் ஒரு வசனம் சொல்லிவிட்டு நிற்கிற சாட்சி இன்னும் உயிரோட சிறையில் இருக்கிறார். அவரைத் துருவிக் கேட்க வேண்டிய ஆட்கள் எழும்பி நிற்க வேணும்.

நாங்கள் சட்டத்தரணிகள் இல்லை. செய்யக்கூடியது ஒண்டு இருக்கு. ஒவ்வொரு தவணைத் திகதியையும், எண்ணிக்கையையும், உத்தரவையும் தமிழில் குறிச்சு வைக்கலாம். காணாமல் போனவருக்குக் கடைசியாய் வாங்கிக் கொடுத்த செருப்பு என்ன நிறம் எண்டு அம்மாமாரிடம் இப்பவே கேட்டு எழுதலாம். அவர்களுக்கு வயது போகுது. காலாவதி அங்கேதான் இருக்கு.