கார்த்திகைப்பூவும் அது இழந்த பெயரும்

மழை விட்ட கையோடு அரியாலை வேலிகளில் கார்த்திகைப்பூ விரியத் தொடங்கிவிட்டது. வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: "சேர், இதைக் கண்டுபிடிச்சது ஆர்?"

புத்தகத்தில் பதில் இருக்கிறது. குளோரியோசா சுப்பர்பா, லின்னேயஸ், 1753. பார்த்தால் சுவீடன்காரர் ஒருவர் நம்மூர் வேலியில் கண்டெடுத்தது போலத்தான் தெரியும். ஆனால் அவர் இலங்கைப் பக்கமே வந்ததில்லை!

வந்தவர் பவுல் ஹெர்மன். ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக 1672இல் இங்கு வந்தார். செடிகளைப் பிடுங்கி, அழுத்தி, உலர்த்தி, தாளில் ஒட்டினார். பல செடிகளுக்குச் சிங்களப் பெயர்களையும் குறித்துக்கொண்டார். அந்தப் பெயர்களை யாரோ ஊர்ச்சனம்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அவர்களின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

பிறகு லெய்டனில் பேராசிரியரானார். 1687இல் வெளியிட்ட நூலில் இந்தப் பூவுக்கு அவர் எழுதிய பெயர் 'மெத்தோனிக்கா மலபாரோரம்'. அதாவது மலபார்க்காரரின் மேந்தோன்னி. மலையாளத்தில் இன்றும் இது மேந்தோன்னிதான். நம் பழந்தமிழிலோ காந்தளுக்குத் 'தோன்றி' என்றும் ஒரு பெயர் உண்டு. இரண்டையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், உறவு காதிலேயே கேட்கும்.

அந்தப் பெயர் நிலைக்கவில்லை. கிரேக்கமோ இலத்தீனோ அல்லாத சொல்லில் பேரினப் பெயர் வைக்கக்கூடாது என்று லின்னேயஸ் 1737இலேயே விதி எழுதிவிட்டார். மெத்தோனிக்கா போய் குளோரியோசா வந்தது. புகழுடையது என்று பொருள். அழகான பெயர்தான், மறுக்கவில்லை. ஆனால் குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதலாவதாக நிற்பது செங்காந்தள். அதற்கு 18ஆம் நூற்றாண்டில்தான் பெயர் கிடைத்தது என்று நம் பிள்ளைகள் நினைப்பதை எப்படி விடுவது?

ஹெர்மன் 1695இல் இறந்தபின் அவருடைய தொகுப்பு கைமாறிக் கைமாறி, 1744இல் டென்மார்க்கில் குந்தர் என்ற மருந்தாளரிடம் இருந்தது. அவர் அதை லின்னேயஸுக்கு அனுப்பினார். அதை வைத்துத்தான் 1747இல் 'புளோரா சைலானிக்கா' எழுதப்பட்டது. இன்று அந்தத் தாள்கள் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கொடி நம் வேலியில். அதுவும் வேலிகள் மதிலாகும் வரைக்கும்.

கிழங்கு கடும் நஞ்சு, சிறு பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். உங்கள் அம்மம்மா, உம்மும்மா இதற்கு வேறு பெயர் ஏதும் சொல்லியிருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், வகுப்புச் சுவரில் அதையும் ஒட்டுவோம்.