எஞ்சின் உணர்கருவிகளின் வரலாறு: குறை கூறும் கருவியே குற்றவாளியா?

மோட்டார் வண்டியின் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் ஓர் அளவோடு கலத்தல் வேண்டும். ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிவதற்கு, எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுத் தேவை. நெடுங்காலம் இக்கலவையைச் செய்து வந்தது கார்புரேட்டர். எஞ்சினை விட்டு வெளியேறும் புகை எத்தகையது என்பதை அது அறியாது. அதனைச் செப்பனிட்டவர்கள் தம் கண்ணையும் காதையும் மூக்கையுமே நம்பினர். எஞ்சினுக்கே புலன்கள் வாய்த்த வரலாற்றை அறிந்தால், பழைய காரில் அப்புலன்கள் பழுதுறும்போது எதை மாற்றுவது, எதை மாற்றாது விடுவது என்பது எளிதில் விளங்கும்.

நகரை மூடிய புகை

1943ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கண்ணெரிக்கும் புகைமூட்டம் சூழ்ந்தது. போர்க்காலமாதலின், பகைவர் ஏவிய நச்சுப்புகையோ என்றுகூடச் சிலர் அஞ்சினர். அதன் காரணத்தைத் தேடிக் கண்டவர், டச்சு நாட்டில் பிறந்து கலிபோர்னியாவில் பணியாற்றிய இரசாயனப் பேராசிரியர் ஆரி ஹாகன்-ஸ்மிட் ஆவார். மோட்டார் வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் விடும் வாயுக்கள் வெயிலில் ஒன்றோடொன்று வினைபுரிந்து அப்புகைமூட்டத்தை உண்டாக்குகின்றன என்பதை 1950களின் தொடக்கத்தில் அவர் நிறுவினார்.

1970இல் அமெரிக்க அரசு இயற்றிய தூய காற்றுச் சட்டம், புதிய கார்களின் நச்சுவாயுக்களை 90 விழுக்காடு குறைக்குமாறு பணித்தது. இதற்கெனப் புகைக்குழாயில் பொருத்தப்பெற்றதே வினையூக்கிப் பெட்டி. மூவகை நச்சுவாயுக்களையும் அது ஒருங்கே மாற்ற வேண்டுமாயின், கலவை 14.7 என்னும் அளவை விட்டுச் சிறிதும் விலகலாகாது. கார்புரேட்டரால் தனித்து இயலாத செயல் இது.

புலன் பெற்ற எஞ்சின்

1967இல் ஜெர்மனியின் போஷ் நிறுவனம், வோல்க்ஸ்வேகன் 1600 காருக்கு மின்முறையால் பெட்ரோலைப் பீச்சும் அமைப்பை ஆக்கித் தந்தது. காற்றின் அழுத்தத்தையும் எஞ்சினின் வெப்பத்தையும் அளந்து, பெட்ரோலின் அளவை அது முடிவு செய்தது. ஆயினும், தன் கணக்குச் சரியாக முடிந்ததா என்று அறியும் வழி அதற்கு இல்லை.

அக்குறையைத் தீர்த்தது, 1976இல் வோல்வோ கார்களில் முதலில் இடம்பெற்ற பிராணவாயு உணர்கருவி. சிர்கோனியா என்னும் பொருளைச் சூடேற்றினால் அது மின்சாரத்தைக் கடத்தும் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வால்ட்டர் நெர்ன்ஸ்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்டிருந்தார். அப்பொருளே இக்கருவிக்கு உயிர். புகையில் பிராணவாயு குறைந்து பெட்ரோல் மிகுந்தால், ஏறத்தாழ 0.9 வோல்ட் மின்னழுத்தம் எழும்; காற்று மிகுந்தால் 0.1 வோல்ட்டாகத் தாழும். நலமுள்ள கருவியின் அளவு, சூடேறிய எஞ்சினில் இவ்விரண்டிற்கும் இடையே ஓயாது ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

விளக்கின் மொழி

1980களின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில், பழுது நேர்ந்தால் ஓட்டுநரின் முன்னுள்ள விளக்கு எரியும். சோதனை முனையின் இரு துளைகளைச் சிறு கம்பியால் இணைத்தால் அவ்விளக்கு விட்டுவிட்டு மின்னும். அதனை எண்ணினால் குறியீடு கிடைக்கும். 13 என்றால் பிராணவாயுக் கருவியின் மின்சுற்றில் பழுது. 45 என்றால் கலவையில் பெட்ரோல் மிகுதி. நிறுவனத்துக்கு நிறுவனம் குறியீடு வேறாக இருந்த இக்குழப்பம், 1996 முதல் அமெரிக்காவில் விற்ற புதிய கார்கள் அனைத்திற்கும் பொதுக்குறியீடும் 16 முனைகள் கொண்ட பொது இணைப்பும் சட்டத்தால் வந்தபின் நீங்கியது.

குறியும் காரணமும்

இங்கேதான் பலர் இடறி விழுகின்றனர். 45 என்னும் குறியைக் கண்டதும் பிராணவாயுக் கருவியை வாங்கி மாட்டுகின்றனர். விளக்கு அணைந்து, சில நாட்களில் மீண்டும் எரிகின்றது. காரணம் யாது?

எஞ்சின் நீரின் வெப்பத்தை அளக்கும் கருவி, குளிரும்போது மிகுந்த மின்தடையும் சூடேறும்போது குறைந்த மின்தடையும் காட்டும். போஷ் வகைக் கருவியில் இது 20 பாகையில் ஏறத்தாழ 2,500 ஓம். 80 பாகையில் ஏறத்தாழ 300 ஓம். இணைப்பில் களிம்பு ஏறினால் தடை கூடும். எஞ்சின் சூடாயிருந்தும் குளிர்ந்திருப்பதாகவே மின்மூளை கருதும். பெட்ரோலை மிகுதியாக விடும். அளவு முற்றும் பொய்யாகாமையால், வெப்பக் கருவிக்கெனக் குறியீடு எழாமலும் போகலாம். புகையில் பெட்ரோல் மிகுதி என்று பிராணவாயுக் கருவி உரைப்பதோ உண்மை. அது சாட்சியேயன்றிக் குற்றவாளி அன்று. சாட்சியை மாற்றினால் வழக்குத் தீராது. புதிய கருவியிலும் கரி படியும்.

மறுபுறம், கருவிக்கு முன்னுள்ள புகைக்குழாயில் சிறு துளை இருப்பின் வெளிக்காற்று உட்புகுந்து, பெட்ரோல் குறைவென்று பொய்யாக உரைக்கச் செய்யும். ஆகவே முதலில் குழாய்களையும் இணைப்புகளையும் கண்ணால் ஆராய்தல் வேண்டும். அடுத்து ஒவ்வொரு கருவியையும் மீட்டரால் அளத்தல் வேண்டும். வோல்ட் அசையாது ஒரே நிலையில் நின்று, வேறு காரணமும் இல்லையெனில் மட்டுமே பிராணவாயுக் கருவியை மாற்றலாம். மாற்றும்போது, மரை இறுகாதிருக்கத் தடவும் பசையை மரையில் மட்டும் இடுதல் வேண்டும், நுனியில் படலாகாது.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தார் புகையைக் கண்டு பகைவரை ஐயுற்றபோது, ஹாகன்-ஸ்மிட் அதன் மூலத்தைத் தேடிச் சென்றார். அத்தேடலின் வழி வந்த கருவி பழுது உரைக்கும்போது, அதனை ஆராய்பவரும் அதே நெறியில் நிற்றலே பொருத்தம். பணமும் மிஞ்சும், காற்றும் தூய்மையாகும்.