வணிகக் கூட்டம் வந்தபோது
எளிய மக்களிடம் மார்க்கத்தைக் கொண்டு சேர்த்த முன்னோர்களின் வரலாறு

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலித்து வரும் அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



மதீனா நகரில் ஒரு வெள்ளிக்கிழமை. அண்ணலார் (ஸல்) அவர்கள் நின்றவாறு ஜும்ஆ உரை நிகழ்த்திக் கொண்டிருந்தார்கள். அப்போது ஷாம் தேசத்திலிருந்து உணவுப் பொருள்களை ஏற்றி வந்த வணிகக் கூட்டம் ஒன்று நகருக்குள் நுழைந்தது. மதீனாவில் அது பஞ்சமும் விலையேற்றமும் நிலவிய காலம் என்று தஃப்ஸீர் நூல்கள் கூறுகின்றன. பறையொலி கேட்டதும் அமர்ந்திருந்தவர்கள் எழுந்து வெளியே விரைந்தார்கள். எஞ்சியிருந்தவர்கள் 12 பேர் மட்டுமே என ஹள்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. இந்நிகழ்ச்சியை அல்லாஹ் தன் திருமறையில் ஸூரத்துல் ஜும்ஆவின் இறுதி வசனமாகவே (62:11) நிலைபெறச் செய்துவிட்டான்.

நபியே நேரில் நின்று உரையாற்றும்போது வணிகக் கூட்டத்தின் ஓசை மனிதர்களை இழுத்தது என்றால், இன்று நம்முடைய பயானின்போது மக்கள் வெளியே கடையோரம் நிற்பதைக் கண்டு நாம் வியப்படைய வேண்டியதில்லை. ஆனால் அத்துடன் நாம் அமைதியடைந்துவிடவும் கூடாது. அன்று எழுந்து சென்ற அதே மக்கள்தாம் பின்னர் உலகெங்கும் தீனைச் சுமந்து சென்றார்கள். உலகத் தேவைகளில் மூழ்கிய அம்மக்களின் உள்ளங்களில் ஆகிரத்தின் எண்ணம் எவ்வாறு ஊன்றப்பட்டது என்பதையே நாம் ஆராய வேண்டும்.

நபிவழியில் ஒரு பாடம்

எந்தத் தூதரும் தம் சமுதாயத்தாரின் மொழியிலன்றி அனுப்பப்படவில்லை என்பதைத் திருக்குர்ஆன் (14:4) எடுத்துரைக்கிறது. மொழி என்பது சொற்கள் மட்டுமன்று. கேட்பவரின் நேரம், தொழில், அறிவின் அளவு ஆகிய யாவும் அதனுள் அடங்கும்.

தொழுகையை நீட்டி உரையைச் சுருக்குவது ஒருவருடைய மார்க்க விளக்கத்தின் அடையாளம் என்று நபி (ஸல்) அவர்கள் நவின்றதை ஹள்ரத் அம்மார் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஹள்ரத் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வியாழக்கிழமை தோறும் மட்டுமே நஸீஹத் செய்தார்கள். நாள்தோறும் உரையாற்றுங்கள் என்று மக்கள் வேண்டியபோது, மக்களுக்குச் சலிப்பு உண்டாகிவிடும் என அஞ்சி மறுத்துவிட்டார்கள். ஆண்களே தங்களைச் சூழ்ந்துகொள்வதால் தங்களுக்கென்று ஒரு நாளை ஒதுக்குமாறு பெண்கள் கேட்டார்கள். நபிகளாரும் ஒரு நாளை ஒதுக்கி, அவர்களுக்கு உபதேசம் செய்தார்கள். மக்கள் விளங்கக்கூடிய அளவில் அவர்களிடம் பேசாவிட்டால் அல்லாஹ்வும் ரஸூலும் பொய்ப்பிக்கப்படும் நிலை நேரும் என்று ஹள்ரத் அலீ (ரலி) அவர்கள் எச்சரித்தார்கள்.

ஆக, மக்கள் எங்கு நிற்கிறார்களோ அங்கு சென்று அவர்களை அழைத்து வருவதே நபிவழியாகும்.

பக்தாதின் பெருஞ்சபை

ஹிஜ்ரி 6ஆம் நூற்றாண்டில் பக்தாத் செல்வமும் கல்வியும் செழித்த தலைநகரம். அங்கே குத்புல் அக்தாப் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்கள் ஆற்றிய உரைகளைச் சீடர்கள் எழுதி வைத்தார்கள். ஹிஜ்ரி 545, 546ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த அவ்வுரைகளின் தொகுப்பே ‘அல்ஃபத்ஹுர் ரப்பானி’ ஆகும். அதனைப் புரட்டுவோர் ஒன்றைக் காண்பார்கள். ஷெய்கு அவர்கள் தம்முன் இருப்பவரை “யா குலாம்” என்று, ஒரு தந்தை மகனை அழைப்பதைப் போல, மீண்டும் மீண்டும் அழைக்கிறார்கள். சபையில் இருந்தவர் அனைவருக்கும் தம்மிடமே பேசப்படுகிறது என்ற உணர்வை அந்த அழைப்பு ஏற்படுத்தியிருக்க வேண்டும். தஸவ்வுஃபின் நுண்பொருள்கள் ஓர் அழைப்புச் சொல்லின் வழியே எளிய மனிதனின் நெஞ்சுக்குள் நுழைந்தன.

நம் கடற்கரையின் வணிக நகரங்கள்

அன்பர்களே! இந்த வழிமுறையை நம் தமிழ்க் கடற்கரையின் முன்னோர்கள் எவ்வாறு பின்பற்றினார்கள் என்பதை இனிக் காண்போம்.

காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை ஆகிய ஊர்கள் யாவும் வணிகத் துறைமுகங்கள். முத்தும் துணியும் அரிசியும் ஏற்றிச் செல்லும் கப்பல்களே அம்மக்களின் வாழ்வு. மரக்கலம் புறப்படும் நாளும் சரக்கு விற்கும் விலையுமே அவர்களின் அன்றாடப் பேச்சாக இருந்திருக்கும். மதீனாவில் வந்து சேர்ந்த வணிகக் கூட்டம் இவ்வூர்களில் அன்றாடம் வந்து கொண்டிருந்தது எனலாம்.

அங்கு வாழ்ந்த உலமாக்கள் வணிகத்தை வெறுத்து ஒதுங்கவில்லை. கீழக்கரையில் வாழ்ந்த மகான் ஸதகத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் (1632–1703) அரபு மொழியில் பெரும் புலமை பெற்ற மார்க்க மேதை. அவர்களது காலத்தில்தான் வள்ளல் சீதக்காதி என்று புகழ்பெற்ற ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர், நபிகளாரின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாகப் பாடும்படி உமறுப் புலவரைத் தூண்டினார். அரபு அறியாத அப்புலவருக்கு நபிகளாரின் வரலாறு ஆலிம்கள் வாயிலாகவே கிடைத்தது. வள்ளலின் மறைவுக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஆதரவு நல்கினார். 5000க்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட சீறாப்புராணம் இவ்வாறு உருவாயிற்று.

இதில் மூவரின் பங்கைக் கவனியுங்கள்! ஆலிமிடம் இல்ம் இருந்தது. புலவரிடம் மொழி இருந்தது. வணிகரிடம் செல்வம் இருந்தது. செல்வம் தீனுக்குத் திரையாக நிற்கவில்லை, பாதையாக விரிந்தது. காப்பியம் கேட்கும் பழக்கமுடைய தமிழர்களுக்கு அந்தப் பழக்கத்தின் வழியாகவே அண்ணலாரின் வாழ்வு சொல்லப்பட்டது.

அடுப்படி வரை சென்ற எழுத்து

ஆயினும் காப்பியத்தைப் படிக்கத் தமிழ்ப் புலமை வேண்டும். கடலுக்குச் சென்ற கணவர் திரும்பும்வரை பிள்ளைகளை வளர்த்த பெண்களுக்கும், ஏட்டுக் கல்வி பெறாத ஏழைகளுக்கும் மார்க்கச் சட்டத்தை யார் சொல்வது? இந்தக் கேள்விக்கு நம் முன்னோர் கண்ட விடையே அரபுத் தமிழ்.

அக்காலத்தில் முஸ்லிம் பெண்களுள் பெரும்பாலோர் தமிழ் எழுத்துகளைக் கற்கவில்லை. ஆனால் குர்ஆன் ஓதுவதற்காக அரபு எழுத்துகளைச் சிறுவயதிலேயே கற்றிருந்தார்கள். அதாவது, அவர்கள் பேசும் மொழி தமிழ். அறிந்த எழுத்தோ அரபு. ஆலிம்கள் இவ்விரண்டையும் இணைத்தார்கள். அரபியில் இல்லாத ச, ட, ப, ண, ழ போன்ற ஒலிகளுக்காக அரபு எழுத்துகளின் மீதும் கீழும் புள்ளிகளைக் கூடுதலாக இட்டுப் புதிய எழுத்துகளை அமைத்துக் கொண்டார்கள். ஒரு பெண் குர்ஆனை மூடி வைத்துவிட்டு, அதே எழுத்துகளில் உளூவின் ஃபர்ளுகளையும், ஜகாத்தின் அளவையும், நபிமார்களின் வரலாற்றையும் தன் தாய்மொழியில் வாசிக்க முடிந்தது. வீட்டுக்குள்ளேயே ஒரு மத்ரஸா தோன்றியது.

இவ்வழியின் மாபெரும் தலைவர் இமாமுல் அரூஸ் ஸெய்யிது முஹம்மது ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816–1898). கீழக்கரைத் தைக்கா ஸாஹிப் (ரஹ்) அவர்களின் மருமகனானதால் மக்கள் அன்னாரை ‘மாப்பிள்ளை லெப்பை ஆலிம்’ என்றே அழைத்தார்கள். அரபியில் நூல்கள் இயற்றிய அப்பேரறிஞர், பாமர மக்களுக்காக அரபுத் தமிழில் ‘ஃபத்ஹுத் தையான்’ என்னும் நூலை எழுதினார்கள். ஈமானின் அடிப்படைகளையும் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டங்களையும் விளக்கும் அந்நூல் தமிழகத்திலும் இலங்கையிலும் வீடுதோறும் ஓதப்பட்டது. அன்னார் தொகுத்த ‘ராத்திபு ஜலாலிய்யா’ இரு கரைகளிலும் இன்றும் மஜ்லிஸ்களில் ஓதப்பட்டு வருகிறது. இலங்கைக்கு அடிக்கடி பயணம் செய்த அவர்கள், அங்கு வணிகம் செய்த நம் மக்களைத் தேடிச் சென்று தீனை நினைவூட்டினார்கள். வணிகக் கூட்டம் சென்ற இடத்திற்கெல்லாம் மிம்பரும் பின்தொடர்ந்து சென்றது.

தறியிலும் அச்சுக்கூடத்திலும்

உலமாக்களுடன் ஞானியரும் இப்பணியில் பங்கு கொண்டார்கள். தக்கலை பீர் முஹம்மது அப்பா (ரஹ்) அவர்கள் நெசவைத் தொழிலாகக் கொண்டு வாழ்ந்தவர்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. தறியில் அமர்ந்திருந்த அவர்களிடமிருந்தே ஆழ்ந்த மெய்ஞ்ஞானப் பாடல்கள் பிறந்தன. அவர்களது ‘ஞானப்புகழ்ச்சி’ ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் தக்கலையில் ஓர் இரவு முழுவதும் மக்கள் கூடி ஓதும் நூலாக விளங்குகிறது. உழைத்துக் களைத்த மனிதனால் நூலைத் தூக்கிப் படிக்க இயலாது. ஆனால் பாடலை மனத்தில் சுமந்து செல்ல இயலும். ஷரீஅத்தின் வேலிக்குள் நின்று, இராகத்தைக் கருவியாகக் கொண்டு இறைநினைவை ஊட்டினார்கள் அப்பெரியோர்கள்.

காலம் மாறியது. ஆங்கிலேய ஆட்சியில் பத்திரிகையும் பள்ளிக்கூடமும் பெருகின. இலங்கை கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெவ்வை (1838–1898) அவர்கள் இம்மாற்றத்தைக் கூர்ந்து கண்டார்கள். வழக்கறிஞரான அவர்கள் 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ வார இதழைத் தொடங்கினார்கள். 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ என்னும் கதைநூலை வெளியிட்டார்கள். ‘அஸ்ராருல் ஆலம்’ என்னும் நூலில் ஆன்மிகப் பொருளைத் தமிழ் உரைநடையிலேயே எழுதினார்கள். இமாமுல் அரூஸ் அவர்களும் சித்திலெவ்வை அவர்களும் இறைவனடி சேர்ந்தது ஒரே 1898ஆம் ஆண்டில்தான். ஒருவர் கையாண்டது அரபுத் தமிழ் ஏடு; மற்றவர் கையாண்டது செய்தித்தாள். கருவிகள் வேறு, நோக்கம் ஒன்றே.

நமக்குரிய படிப்பினை

பெரியோர்களே! இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் உண்மை இதுதான்: எந்த வாசல் மக்களிடம் முன்பே திறந்திருந்ததோ அந்த வாசல் வழியாகவே நம் முன்னோர்கள் நுழைந்தார்கள். குர்ஆன் எழுத்தை அறிந்த பெண்ணிடம் எழுத்தின் வழியாக. காப்பியம் கேட்டவனிடம் காப்பியத்தின் வழியாக. பத்திரிகை படித்தவனிடம் பத்திரிகையின் வழியாக. அவர்கள் தீனின் ஒரு ஹுக்மைக் கூட மாற்றவில்லை. அதைத் தாங்கிச் சென்ற பாத்திரத்தை மட்டும் மாற்றினார்கள்.

எளிமையாகச் சொன்னால் இல்மின் மதிப்புக் குறைந்துவிடும் என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. இமாமுல் அரூஸ் அவர்களை விடப் பெரிய ஆலிம் என்று நம்முள் யார் தம்மைச் சொல்லிக்கொள்ள முடியும்? எளிமையாகச் சொல்வதற்கே ஆழ்ந்த கல்வி தேவைப்படுகிறது.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. அந்த அரபுத் தமிழையே இன்று நம் வீடுகளில் வாசிக்கத் தெரிந்தோர் மிகச் சிலர். மதரஸாக்களும் ஆய்வாளர்களும் அதைப் பாதுகாக்கத்தான் வேண்டும். ஆனால் முன்னோரின் கருவியைப் பாதுகாப்பது வேறு; முன்னோரின் வழியைப் பின்பற்றுவது வேறு. ஏட்டைப் பட்டுத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, நம் வீட்டுப் பெண்மக்களுக்கு ஒரு மஸ்அலா கூடச் சொல்லாமல் இருப்போமாயின், அது அப்பெரியோருக்குச் செய்யும் கண்ணியமாகாது.

நம் காலாப்பட்டையே எடுத்துக்கொள்வோம். ஒரு புறம் கடலும் மற்றப் புறங்களில் தமிழ்நாட்டு ஊர்களும் சூழ்ந்த புதுவையின் சிறு பகுதி இது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவு பகலாக வாகனங்கள் விரைகின்றன. 1985இல் தொடங்கப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகத்திற்குப் பல மாநிலங்களின் இளைஞர்கள் வருகிறார்கள். மீனவர்களும் தொழிலாளர்களும் கடை வைத்திருப்போரும் வாழ்கிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. பொருளின் நிலையாமையை இவ்வூர் மக்களுக்கு எடுத்துச் சொல்ல வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டியதில்லை. ஆயினும் அலை வடிந்தபின் மறதி வந்துவிடுகிறது. மறுபடியும் தவணை, வட்டி, நகைக்கடன், பள்ளிக் கட்டணம், வெளிநாட்டு வேலை என்பவையே மனத்தை நிரப்புகின்றன.

இவைதாம் இன்று திறந்திருக்கும் வாசல்கள். வட்டியில் சிக்கியவனிடம் ஹலாலான சம்பாத்தியத்தின் பரக்கத்தைப் பற்றிப் பேசினால் செவி சாய்ப்பான். மகளின் திருமணத்திற்குக் கடன் வாங்கும் தந்தையிடம் மஹரின் சிறப்பையும் வீண்விரயத்தின் தீமையையும் கூறினால், அது அவனுடைய கவலைக்கு மருந்தாகும். தேர்வுக்கு அஞ்சும் மாணவனிடம்தான் தவக்குல் என்பதன் பொருளை விளக்க வேண்டும். அவர்களின் கவலையைத் தொடாத ஆகிரத்துப் பேச்சு காதோடு நின்றுவிடும்.

ஆகவே, பயான் செய்வோர் அதைச் சுருக்கமாகவும் ஒரே பொருளைப் பற்றியதாகவும் அமைத்துக்கொள்வோமாக. கேட்போர், இரண்டாம் பாங்கு வரை வெளியே நிற்கும் வழக்கத்தை விட்டொழித்து, முன்னரே வந்து அமர்வார்களாக. வாரம் முழுவதிலும் பலருக்குக் கிடைக்கும் ஒரே மார்க்கக் கல்வி அந்தச் சில நிமிடங்கள்தாம். வீடு திரும்பியதும், உணவு விரிப்பில் அமரும்போது, அன்று கேட்டதில் ஒன்றையேனும் மனைவி மக்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஃபத்ஹுத் தையான் ஓதப்பட்ட வீட்டின் வாரிசுகள் நாம். அந்த வீட்டில் இன்று தொலைக்காட்சியின் ஓசையும் கைப்பேசியின் ஒளியும் மட்டுமே மிஞ்சியிருக்கலாமா?

இறுதியாக ஒன்று. வணிகக் கூட்டத்தைக் கண்டு கலைந்து சென்றோரை ஸூரத்துல் ஜும்ஆ குறிப்பிடுகிறது. வணிகமும் கொடுக்கல் வாங்கலும் அல்லாஹ்வின் திக்ரை விட்டுத் திருப்பிவிடாத மனிதர்களை ஸூரத்துந் நூர் (24:37) புகழ்கிறது. இரு சாராரும் வியாபாரிகளே! கடையை மூடிவிட்டுக் காட்டுக்குச் செல்லுமாறு இறைவன் கூறவில்லை. தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அவன் அருளைத் தேடுமாறும், அவனை அதிகமாக நினைவுகூருமாறுமே (62:10) ஏவுகிறான். முதல் சாராரை இரண்டாம் சாராராக மாற்றுவதே மிம்பரின் பணி. அண்ணலாரும் அவர்களின் வாரிசுகளாகிய உலமாக்களும் ஆற்றிய பணியும் அதுவே.

வல்ல ரஹ்மான் நம் நாவுகளில் எளிமையையும், நம் செவிகளில் கவனத்தையும், நம் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும், நம் இல்லங்களில் இல்மின் ஒளியையும் தந்தருள்வானாக! தீனை நம்மிடம் கொண்டு சேர்த்த முன்னோர்களின் கப்றுகளை ஒளிமயமாக்குவானாக! ஆமீன், ஆமீன், யாரப்பல் ஆலமீன்.