பொய் எச்சரிக்கையும் மெய்யான ஆபத்தும்

சி மொழியில் நிரல் எழுதிப் பழகிய எல்லோருக்கும் அறிமுகமான ஓர் எச்சரிக்கை உண்டு. "இந்த மாறிக்கு மதிப்பு கொடுக்கப்படாமலே பயன்படுத்தப்படலாம்" என்பதுதான் அது. பல நேரங்களில் நிரலில் பிழை எதுவும் இருக்காது. கம்பைலர்தான் வீணாகச் சந்தேகப்பட்டிருக்கும். இந்தப் பொய் எச்சரிக்கைகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. அவற்றை வாயடைக்கப் போய் உலகமே பதறிய ஒரு சம்பவமும் அந்த வரலாற்றில் இருக்கிறது.

1972 வாக்கில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கினார். அன்றைய கணினிகளில் வேகமும் நினைவகமும் மிகக் குறைவு. அதனால் ஒரு ஃபங்ஷனுக்குள் அறிவிக்கப்படும் சாதாரண மாறிக்கு சி மொழி தானாக எந்த மதிப்பும் தருவதில்லை. அந்த இடத்தில் முன்பு யாரோ விட்டுச் சென்ற குப்பைதான் அதன் மதிப்பு. நிரல் ஒரு நாள் சரியாக ஓடும், மறுநாள் உளறும்.

இதைப் பிடிக்க முதலில் வந்த கருவிகளில் ஒன்று லின்ட். அதே பெல் ஆய்வகத்தின் ஸ்டீபன் ஜான்சன் 1978-ல் இதை விவரித்து எழுதினார். ஒரு மாறி, மதிப்பு பெறும் வரிக்கு முன்பே பயன்படுத்தப்பட்டிருந்தால் லின்ட் புகார் சொல்லும். சரியான நிரல்கள் சிலவற்றின் மீதும் இந்தப் புகார் வரும் என்பதை ஜான்சனே ஒப்புக்கொண்டார். ஆக, பொய் எச்சரிக்கை பிற்காலத்தில் முளைத்த கோளாறு அல்ல. கருவியோடு கூடவே பிறந்தது.

ஏன் இப்படி? ஒரு எளிய உதாரணம் பார்ப்போம். நிரலின் தொடக்கத்தில் "கோப்பு திறந்திருந்தால் மாறிக்கு மதிப்பு கொடு" என்று இருக்கிறது. பத்து வரி தள்ளி "கோப்பு திறந்திருந்தால் மாறியைப் பயன்படுத்து" என்று இருக்கிறது. இரண்டும் ஒரே நிபந்தனை என்பது மனிதனுக்கு உடனே புரியும். கம்பைலரோ, முதல் நிபந்தனை பொய்யாகி இரண்டாவது மெய்யாகும் பாதை ஒன்று இருப்பதாக நினைத்துவிடும். இதைத் திறமையால் முழுவதும் சரிசெய்துவிட முடியாது. எந்த நிரலும் நின்றுவிடுமா, நிற்காதா என்று எப்போதும் சரியாகச் சொல்லும் பொதுவான வழி கிடையாது என்று ஆலன் டூரிங் 1936-ல் நிரூபித்தார். மாறிகளின் பிரச்சினையும் அதே சுவரில்தான் முட்டுகிறது. கம்பைலர் சில பிழைகளைத் தவறவிட வேண்டும், அல்லது சில பொய்களைச் சொல்ல வேண்டும்.

1987-ல் வெளிவந்த ஜிசிசி கம்பைலரில் இந்தச் சோதனை, நிரலை வேகப்படுத்தும் பகுப்பாய்வை நம்பியே இருந்தது. எனவே ஒரே நிரலுக்கு ஒரு பதிப்பில் எச்சரிக்கை வரும், அடுத்த பதிப்பில் வராது. நிரலர்கள் சலித்துப்போனார்கள். 2007-ல் லினக்ஸ் கெர்னலில் இதற்கென்றே ஒரு மேக்ரோ சேர்க்கப்பட்டது. அது செய்தது ஒன்றுதான்: மாறிக்கு அதே மாறியையே மதிப்பாகக் கொடுப்பது. ஜிசிசி அதைக் கண்டதும் வாயை மூடிக்கொள்ளும். குப்பை மட்டும் குப்பையாகவே இருக்கும்.

வாயடைப்பது எவ்வளவு ஆபத்து என்பதை டெபியன் சம்பவம் காட்டியது. இதில் எச்சரித்தது கம்பைலர் அல்ல. நிரல் ஓடும்போது நினைவகத்தைக் கண்காணிக்கும் வால்கிரைண்ட் போன்ற கருவிகள். புகார் மட்டும் அதே புகார். இணையப் பாதுகாப்புக்கான ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருள், ரகசியச் சாவிகளை உருவாக்க ஊகிக்க முடியாத எண்களைச் சேகரிக்கும். அதில் ஓரிடத்தில், மதிப்பு கொடுக்கப்படாத நினைவகத்தையும் வேண்டுமென்றே கலந்திருந்தார்கள். அது பிழை அல்ல. ஆனால் கருவி புகார் சொன்னது. 2006-ல் டெபியன் பதிப்பில் அந்த வரி நீக்கப்பட்டது. கூடவே, பார்வைக்கு அதே போல இருந்த இன்னொரு வரியும் நீக்கப்பட்டது. ஊகிக்க முடியாத எண்கள் எல்லாம் உள்ளே வரும் முக்கிய வாசலே அந்த இரண்டாவது வரிதான்!

விளைவு என்ன? மிஞ்சியது ஓடும் நிரலின் அடையாள எண் மட்டுமே. அதற்கு வழக்கமாக 32,768-க்கு மேல் வாய்ப்பில்லை. ஒரே வகைக் கணினியில், ஒரு வகை, ஒரு நீளம் கொண்ட சாவிக்கு அத்தனை சாத்தியங்கள்தான். சாதாரணக் கணினியே எல்லாவற்றையும் முன்கூட்டியே உருவாக்கி வைத்துவிடலாம். ஏறக்குறைய இரண்டு வருடம் யாரும் கவனிக்கவில்லை. லூசியானோ பெல்லோ என்ற டெபியன் நிரலர் கண்டுபிடித்த பிறகு, 2008 மே 13 அன்று அறிவிப்பு வெளியானது. டெபியனிலும் அதிலிருந்து பிறந்த உபுண்டுவிலும் உருவான சாவிகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று. நல்ல டிஎஸ்ஏ சாவியாக இருந்தாலும், அந்தக் கணினிகளில் ஒருமுறை கையொப்பமிடப் பயன்பட்டிருந்தால் அதையும் நம்ப முடியாது என்ற நிலை.

அதன் பிறகு பாடங்கள் மெல்லத்தான் வந்தன. 2012-ல் ஜிசிசி 4.7, "நிச்சயம் மதிப்பில்லை", "ஒருவேளை மதிப்பில்லாமல் இருக்கலாம்" என்று எச்சரிக்கையை இரண்டாகப் பிரித்தது. 2020-ல் லினஸ் டோர்வால்ட்ஸ், பொய்கள் மிகுந்துவிட்டதால், கெர்னலின் வழக்கமான கம்பைலில் இரண்டாம் வகையை நிறுத்தினார். உண்மைப் பிழைகளையும் மறைக்கிறது என்பதால், அதே வருடம் அந்தப் பழைய மேக்ரோவும் நீக்கப்பட்டது. 2022-ல் வந்த ஜிசிசி 12, விரும்பினால் இத்தகைய மாறிகளுக்குத் தானாகவே சுழியம் கொடுக்கும் வசதியைத் தந்தது. குப்பை என்ற பிரச்சினையையே அடியோடு எடுக்கும் வழி இது. ஆனால் நிரலர் நினைத்த மதிப்பு சுழியம்தானா என்பது கம்பைலருக்குத் தெரியாது. அதனால்தான் அந்த வசதியைப் போட்ட பிறகும் ஜிசிசி எச்சரிப்பதை நிறுத்துவதில்லை.

எச்சரிக்கை பொய்யாக இருக்கலாம். ஆனால் அது பொய் என்று முடிவு செய்வதற்கு, அந்த வரி எதற்காக அங்கே இருக்கிறது என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். டெபியனில் நீக்கப்பட்ட இரண்டு வரிகளும் பார்க்க ஒன்று போலவேதான் இருந்தன.