அமெரிக்கப் படைத்தள மூடலும் காங்கிரஸின் தன்கட்டுப்பாடும் (1977–2005)

முன்னுரை

அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில், மெய்ன் மாநிலத்தின் லைம்ஸ்டோன் என்னும் சிற்றூரை ஒட்டி லோரிங் விமானப்படைத் தளம் அமைந்திருந்தது. 1976-இல் அத்தளத்தின் பணிகளைப் பெருமளவு குறைக்க விமானப்படை முற்பட்டது. உருளைக்கிழங்கு வேளாண்மையைப் பெரிதும் சார்ந்திருந்த அவ்வட்டாரத்திற்கு இது பேரிடியாக அமைந்தது. மெய்ன் பிரதிநிதி வில்லியம் கோஹனும் பிரதிநிதிகள் சபையின் தலைவர் தாமஸ் ஓ'நீலும் மேற்கொண்ட முயற்சியால் 1977-இல் ஒரு சட்டம் பிறந்தது. பெரிய தளம் ஒன்றை மூடுவதற்கு முன் பாதுகாப்பு அமைச்சர் காங்கிரஸுக்கு அறிவிக்க வேண்டும். பொருளாதார, சுற்றுச்சூழல், படைத்துறை விளைவுகளை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். அதன்பின் காத்திருக்கவும் வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. அடுத்த பத்தாண்டுகளில் பெரிய தளம் எதுவும் மூடப்படவில்லை. இதே காங்கிரஸ் 1988 முதல் அம்முடிவைத் தன் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தது ஏன் என்பதையும், அதனால் அரசியல் உண்மையில் விலகியதா என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தடையிலிருந்து ஆணையத்திற்கு

1960-களில் மக்நமாரா பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது தளங்களை மூடுவது ஏறத்தாழ முழுமையாக நிருவாகத்தின் அதிகாரமாக இருந்தது. 1965-இல் அதைக் கட்டுப்படுத்தக் காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவை அதிபர் ஜான்சன் தம் மறுப்பதிகாரத்தால் தடுத்தார். தமக்குப் பிடிக்காத உறுப்பினரின் தொகுதியைத் தண்டிக்க நிருவாகம் தள மூடலைப் பயன்படுத்துகிறது என்னும் ஐயம் உறுப்பினர்களிடையே நீங்காது நின்றது. எனவே 1977 சட்டத்தைத் தொகுதிப் பற்றின் விளைவாக மட்டும் காண்பது பொருந்தாது. அதில் அதிகாரச் சமநிலை பற்றிய நியாயமான கவலையும் இருந்தது. ஆயினும் அச்சட்டம் அளித்த கால இடைவெளி ஒவ்வொரு உறுப்பினருக்கும் தம் தளத்தைக் காக்கும் வாய்ப்பைத் தந்தது. தேவைக்கு மிஞ்சிய தளங்கள் உள்ளன என்பதைப் பொதுவில் ஏற்றவர்களும் தம் தொகுதியில் அப்படியொன்று இருப்பதாக ஏற்கவில்லை.

இம்முட்டுக்கட்டையை உடைக்கும் வழியை டெக்சாஸ் பிரதிநிதி டிக் ஆர்மி முன்வைத்தார். 1987-இல் அவரது திருத்தம் சிறு வாக்கு வேறுபாட்டில் தோற்றது. 1988 அக்டோபரில் அக்கருத்து சட்டமாயிற்று. ஆபிரகாம் ரிபிகாஃப், ஜாக் எட்வர்ட்ஸ் ஆகியோரின் இணைத் தலைமையில் இயங்கிய 12 பேர் ஆணையம் 86 தளங்களை மூடப் பரிந்துரைத்தது. ஆனால் அவ்வாணையம் பாதுகாப்பு அமைச்சரால் அமர்த்தப்பட்டது. அதன் பணி வெளிப்படையாக நடக்கவில்லை. 1990 தொடக்கத்தில் அமைச்சர் டிக் செனி தாமாக ஒரு பட்டியலை வெளியிட்டபோது, அது ஜனநாயகக் கட்சியினரின் தொகுதிகளையே மிகுதியாகத் தாக்குகிறது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. பழைய ஐயம் மீண்டும் தலைதூக்கியது.

1990 சட்டத்தின் கட்டமைப்பு

1990 நவம்பரில் வந்த சட்டம் இவ்வையத்திற்கு விடையாக அமைந்தது. எதிர்காலப் படை அளவுத் திட்டத்தையும், முன்னரே வெளியிடப்பட்ட எட்டு அளவுகோல்களையும் கொண்டு அமைச்சர் பட்டியல் தயாரிக்க வேண்டும். அவ்வெட்டில் படைத்துறைப் பயன் பற்றிய நான்கிற்கு முன்னுரிமை உண்டு; சேமிப்பும் ஊரின் பொருளாதாரப் பாதிப்பும் பின்னரே வரும். காங்கிரஸ் தலைவர்களைக் கலந்து அதிபர் முன்மொழிந்து, செனட் ஒப்புதல் அளித்த ஆணையம் அப்பட்டியலைப் பொது விசாரணைகளில் ஆராயும். அமைச்சர் அளவுகோல்களிலிருந்து கணிசமாக விலகியிருந்தால் மட்டுமே ஆணையம் அதை மாற்றலாம். அதிபர் முழுப் பட்டியலையும் ஏற்கலாம், அல்லது திருப்பியனுப்பலாம். ஒரு தளத்தை மட்டும் உருவியெடுக்க இயலாது. அதன்பின் 45 நாள்களுக்குள் இரு அவைகளும் மறுப்புத் தீர்மானம் நிறைவேற்றாவிடில் பட்டியல் நடைமுறைக்கு வரும்.

இதில் நுட்பம் கடைசிப் படியில் உள்ளது. வழக்கமான சட்டமியற்றலில் செயல் நடக்க வாக்கு வேண்டும்; இங்குச் செயலை நிறுத்தவே வாக்கு வேண்டும். தளத்தை இழக்கும் உறுப்பினர் எதிர்த்து வாக்களித்து ஊரிடம் நற்பெயர் பெறலாம். இழக்காத பெரும்பான்மையோர் வாளாவிருந்தாலே போதும். பிலடெல்பியா கடற்படைக் கப்பல்கட்டும் தளம் 1991 பட்டியலில் சேர்ந்ததை எதிர்த்து செனட்டர் ஆர்லன் ஸ்பெக்டர் உச்ச நீதிமன்றத்தில் தாமே வாதாடினார். 1994-இல் அதிபரின் அம்முடிவு நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டதன்று என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1991 பட்டியலில் லோரிங்கும் இருந்தது. 1994-இல் அது மூடப்பட்டது.

அரசியல் இடம்பெயர்ந்த விதம்

முதல் நான்கு சுற்றுகளில் 97 பெரிய தளங்கள் மூடப்பட்டன. இவ்வெண்ணிக்கையைக் கொண்டு ஆணைய முறை அரசியலை அகற்றிவிட்டது என்று கூறுவோர் உளர். அது மிகை. 1995-இல் கலிபோர்னியாவின் மெக்கிளெல்லன், டெக்சாஸின் கெல்லி ஆகிய விமானப்படைப் பராமரிப்பு மையங்களை மூட ஆணையம் பரிந்துரைத்தபோது, அதிபர் கிளின்டன் பட்டியலை ஏற்றார்; ஆனால் அப்பணிகளைத் தனியார் வழி அங்கேயே தொடரச் செய்யும் திட்டத்தையும் அறிவித்தார். அடுத்த ஆண்டு தேர்தல் நடக்கவிருந்தது. பட்டியலைத் தொடாமலேயே அதன் விளைவை மாற்ற முடியும் என்பதை இது காட்டியது. 1997-இல் பாதுகாப்பு அமைச்சர் மேலும் இரு சுற்றுகள் கோரியபோது காங்கிரஸ் மறுத்ததற்கு இந்நிகழ்வு ஒரு முதன்மைக் காரணம். அந்த அமைச்சர், 1977 சட்டத்திற்கு வழிவகுத்த அதே வில்லியம் கோஹன் என்பது கருதத்தக்கது.

2005 சுற்றில் வாதத்தின் களம் எண்களுக்கு மாறியது. தெற்கு டகோட்டாவின் எல்ஸ்வொர்த் தளத்தை மூடி, அதன் குண்டுவீச்சு விமானங்களை டெக்சாஸுக்கு மாற்றப் பாதுகாப்புத் துறை பரிந்துரைத்தது. கணக்கிட்ட சேமிப்பின் பெரும்பகுதி இடம் மாறப்போகும் படைவீரர்களின் ஊதியம். அவர்கள் பணியில் தொடர்வதால் அது செலவுக் குறைப்பே ஆகாது. நாடு முழுவதற்குமான பட்டியலிலும் இக்குறை உள்ளதைக் காங்கிரஸின் தணிக்கை அலுவலகம் சுட்டிக்காட்டியது. ஆணையம் 8–1 என்ற வாக்கில் எல்ஸ்வொர்த்தைக் காத்தது. கனெக்டிகட்டின் நியூ லண்டன் நீர்மூழ்கித் தளமும் மெய்னின் போர்ட்ஸ்மவுத் கப்பல்கட்டும் தளமும் இவ்வாறே பட்டியலிலிருந்து நீங்கின. 'கணிசமான விலகல்' என்ற சொற்றொடர், ஓய்வுபெற்ற படை அலுவலர்களையும் ஆலோசகர்களையும் அமர்த்திப் பதில்கணக்குத் தயாரிக்கும் ஆற்றல் பெற்ற ஊர்களுக்கே முழுப் பயன் தந்தது எனலாம். நியூ ஜெர்சியின் மன்மவுத் கோட்டை போன்றவை கடும் எதிர்ப்புக்கிடையிலும் தப்பவில்லை.

அவ்வாண்டு அக்டோபரில் பிரதிநிதிகள் சபை மறுப்புத் தீர்மானத்தை 324–85 என்ற வாக்கில் தோற்கடித்தது. 2,100 கோடி டாலராக மதிப்பிடப்பட்ட அச்சுற்றின் செலவு இறுதியில் ஏறத்தாழ 3,500 கோடி டாலராக உயர்ந்தது; இருபதாண்டு நிகரச் சேமிப்பு மதிப்பீடு சுமார் 3,560 கோடியிலிருந்து 990 கோடியாகச் சரிந்தது. மூடலைவிட இடமாற்றமும் ஒருங்கிணைப்பும் மிகுந்த சுற்று அது. கட்டுமானச் செலவே கணக்கைக் குலைத்தது. 2012 முதல் பாதுகாப்புத் துறை பல ஆண்டுகள் புதிய சுற்றுக்கு அனுமதி கோரியபோது, காங்கிரஸ் இவ்வெண்களையே எடுத்துக்காட்டி மறுத்தது. ஆணையங்கள் இல்லாத காலத்தில் பெரிய தளம் ஒன்றை மூட விழையும் அமைச்சர், லோரிங்கை முன்னிட்டு எழுந்த 1977-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியேதான் செல்ல வேண்டும்.