வாரிலிருந்து பற்சக்கரம் வரை

மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் எஞ்சினைப் பற்றியே பேசுவர். குதிரைத் திறன் எத்தனை, வேகம் எவ்வளவு என்று கேட்பாரேயன்றி, அந்தத் திறன் எவ்வழியே பின்சக்கரத்தைச் சென்று சேர்கிறது என்று கேட்பார் அரியர். அவ்வழியில் தடை நேரும்போதுதான் அதன் நினைவு வருகிறது. உடனே, ‘கியர்ப் பெட்டி கெட்டுவிட்டது’ என்ற தீர்ப்பும் வந்துவிடுகிறது. பெட்டியைப் பிரித்துப் பற்சக்கரங்களைப் பரப்புகிறார்கள். பணமும் நாளும் கரைகின்றன. திரும்பப் பூட்டிய பின்னும் கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கிறது. இப்படி வீண்செலவு செய்தவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். பால் விற்பவருக்கும் ஊர் ஊராகச் சென்று பணிபுரிபவருக்கும் வண்டி நின்றால் அன்றைய பிழைப்பே நின்றுவிடும். ஆதலால் இது சிறிய செய்தியன்று.

நேயர்களே, இதற்கு மருந்து அவ்வழியின் வரலாற்றிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. அதிலுள்ள ஒவ்வொரு உறுப்பும் முன்பிருந்த ஒரு குறையைத் தீர்க்கப் பிறந்தது. எந்தக் குறைக்காகப் பிறந்தது என்று அறிந்தவன், அது கெடும்போது என்ன அடையாளம் காட்டும் என்பதையும் அறிவான்.

1885-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் டைம்லரும் மேபாக்கும் மரச் சட்டத்தில் எஞ்சினைப் பொருத்தி ஓர் இருசக்கர வண்டியை ஓடச் செய்தார்கள். அதன் திறன் அரைக் குதிரை அளவே. எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுசென்றது ஒரு வார். அடுத்த இருபது ஆண்டுகளில் வந்த வண்டிகளிலும் பெரும்பாலும் வாரே ஆட்சி செய்தது. எஞ்சினுக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே அந்த வாரைத் தவிர வேறொன்றும் இல்லை. கிளட்சும் இல்லை, கியரும் இல்லை. ஓட்டுபவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி, எஞ்சின் உயிர் பெற்றதும் தாவி ஏற வேண்டும். மேடு வந்தால் மிதிகட்டையை மிதித்து எஞ்சினுக்குக் கைகொடுக்க வேண்டும்.

நீராவி எஞ்சின் நின்ற நிலையிலேயே முழு விசையையும் தரவல்லது. பெட்ரோல் எஞ்சினோ வேகமாகச் சுழன்றுகொண்டிருந்தால்தான் விசை தரும். சுழற்சி தளர்ந்தால் அணைந்துவிடும். மேட்டில் சக்கரம் மெதுவாகவும் எஞ்சின் வேகமாகவும் சுழல வேண்டும். ஒரே வாரால் இது இயலாது. போதாக்குறைக்கு, மழை பெய்தால் வார் நனைந்து வழுக்கும். எஞ்சின் அலறும், வண்டி நகராது. இந்த வழுக்கலே நம் கதையின் முதல் நோய்.

1908-இல் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியைச் சேர்ந்த ஆல்பிரட் ஸ்காட் என்பவர், இரு வேறு விகிதங்களில் அமைந்த இரண்டு சங்கிலிகளைக் கொண்டு, காலால் மாற்றத்தக்க இரட்டை வேக அமைப்பொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆயினும் வாரின் மீதிருந்த பற்று உடனே அகலவில்லை. அதனை அசைத்தது ஒரு மலைச்சாலை. மான் தீவில் 1907 முதல் நடந்துவந்த புகழ்பெற்ற பந்தயம், 1911-இல் ஸ்னேபெல் மலையைச் சுற்றிச் செல்லும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமான பாதைக்கு மாற்றப்பட்டது. அவ்வாண்டின் பெரும் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் அமெரிக்காவின் ‘இந்தியன்’ வண்டிகள் கைப்பற்றின. அவற்றில் சங்கிலியும் இரட்டை வேகக் கியரும் இருந்தன. மலை கேட்ட கேள்விக்கு வாரிடம் விடையில்லை என்பதை உலகம் அன்று கண்டது.

பழையதும் புதியதும் கைகோத்து நின்ற காலமும் ஒன்றுண்டு. 1915-இல் வெளிவந்த டிரையம்ப் ‘எச்’ வகை வண்டியில் எஞ்சினிலிருந்து கியர்ப் பெட்டிக்குச் சங்கிலி. பெட்டியிலிருந்து பின்சக்கரத்துக்கு வார். முதல் உலகப் போரில் இவ்வகை வண்டிகள் ஆயிரக்கணக்கில் தூது சென்றன. சேற்றிலும் பள்ளத்திலும் அடிபட்டே மூன்று வேகக் கியர்ப் பெட்டி நம்பிக்கைக்குரியதாயிற்று. பின்னர் வாரும் விடைபெற்றது.

அடுத்த குறை மனிதனுடைய கையைச் சார்ந்தது. கியர் மாற்றும் கோல் பெட்ரோல் தொட்டியின் பக்கத்தில் இருந்தது. வளைவில் ஒரு கையை எடுத்துத்தான் அதனைத் தள்ள வேண்டும். 1920-களின் இறுதியில் வெலோசெட் நிறுவனத்தின் ஹரால்டு வில்லிஸ், காலால் ஒருமுறை அழுத்தினால் ஒரே ஒரு கியர் மட்டும் மாறி, மிதி தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும் அமைப்பை உருவாக்கினார். இன்று நாம் காலால் ‘டக்’ என்று மாற்றும் கியர் அதன் வழித்தோன்றலே.

இவ்வரலாற்றின் ஒரு கிளை நம் ஊருக்கும் வந்தது. 1955-இல் சென்னையில் என்பீல்டு இந்தியா நிறுவனம் தோன்றி, பின்பு திருவொற்றியூரில் புல்லட் வண்டிகளைச் செய்தது. அவ்வண்டியில் இருந்தது ஆல்பியன் வகை நான்கு வேகப் பெட்டி. கியர் மிதி வலப்புறம். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் கீழே அழுத்த வேண்டும். முதல் கியர் தவிர வேறு எந்தக் கியரிலிருந்தும் ஒரே அழுத்தில் நியூட்ரலுக்குக் கொண்டுவர, குதிகாலால் மிதிக்கும் தனிக் கோல் ஒன்றும் இருந்தது. 1970-இல் இங்கிலாந்தில் ராயல் என்பீல்டு தொழில் நின்றபின்னும் இப்பெட்டி சென்னையில் வாழ்ந்தது. ஆதலின் நம் மெக்கானிக்குகள் வேறெங்கும் மறைந்துவந்த ஒரு கலைக்கு வாரிசுகளானார்கள்.

அக்கலை முதலில் செவியால் நடப்பது. திருப்புளி பின்னரே வரும். எஞ்சின் முழங்கியும் வண்டி நகரவில்லையா? அது பழைய வாரின் நோய். இப்போது கிளட்சில் குடியேறியிருக்கிறது. கிளட்ச் கம்பியில் சிறிதளவு தளர்ச்சி இருந்தே தீர வேண்டும். அது இல்லையேல், கைப்பிடியைத் தொடாதபோதும் தகடுகள் பாதி விலகியே நிற்கும், வழுக்கித் தேயும். கம்பியைச் சரிசெய்தும் தீராவிடில் தகடுகளையும் ஸ்பிரிங்குகளையும் பார்க்கலாம். இதற்கு நேர்மாறாக, கம்பி மிகத் தளர்ந்திருந்தால் தகடுகள் முழுதும் பிரியா. முதல் கியர் போடும்போது ‘கறக்’கென்று அரையும், நின்ற இடத்தில் நியூட்ரல் அகப்படாது. பாவம், பழி பற்சக்கரத்தின் மேல் விழும்.

வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறதா? சங்கிலியைப் பாருங்கள். சங்கிலி ஒரே சீராகத் தேய்வதில்லை. ஆதலின் சக்கரத்தைச் சுற்றி, அது மிக இறுகி நிற்கும் இடத்தில்தான் தளர்ச்சியை அளக்க வேண்டும். அடுத்து, பின்சக்கரக் குடத்தில் அதிர்ச்சியைத் தாங்க வைத்திருக்கும் ரப்பர்க் கட்டைகளைப் பாருங்கள். அவை நைந்துவிட்டால் ஒவ்வொரு கியர் மாற்றமும் முதுகில் குத்துவது போலிருக்கும்.

பெட்டிக்குள்ளேயே நோய் என்று தெரிந்தாலும் பிரிப்பதற்குமுன் ஒரு சோதனை உண்டு. இத்தகைய பழைய ஆங்கிலப் பெட்டிகளில் நான்காம் கியரில் முதன்மைத் தண்டும் சங்கிலிச் சக்கரமும் நேராகப் பிணைந்து ஒன்றாகவே சுழலும். கீழே உள்ள துணைத் தண்டு சுமை ஏதும் இன்றிச் சும்மா சுற்றும். எனவே முதல் மூன்று கியர்களிலும் இரைச்சல் கேட்டு, நான்காவதில் அது அடங்கினால், துணைத் தண்டையும் அதன் தாங்கிகளையும் ஐயுற வேண்டும். நான்கிலும் கேட்டால், முதன்மைத் தண்டின் தாங்கியை நோக்க வேண்டும். ஒரே ஒரு கியரில் மட்டும் கேட்டால், அந்த இணைப் பற்சக்கரங்களே குற்றவாளிகள். ஒரு போல்ட்டையும் கழற்றாமல் பெட்டியின் உள்ளே பார்க்கும் முறை இது.

போட்ட கியர் தானாக நழுவுவது இன்னொரு நோய். இப்பெட்டியில் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றையொன்று கவ்வியே இருக்கும். அவற்றைத் தண்டோடு பூட்டுவன பக்கவாட்டில் உள்ள தடித்த பற்களே. அவற்றின் விளிம்பு மழுங்கினால், சுமை ஏறும்போது பிடி நழுவும். மழுங்கிய பற்களுக்கு மாற்றுதலே வழி. ஆனால் கால்மிதியின் அமைப்பு சற்று விலகியிருந்து பற்கள் பாதியே பூட்டிக்கொள்வதாலும் இதே நழுவல் நேரும். அதனை வெளிமூடியைத் திறந்தே சரிசெய்துவிடலாம். இவ்விரண்டையும் பிரித்தறியாதவர், கால்மணி நேர வேலையைக் கால் மாத வேலையாக்கிவிடுகிறார்.

2000-ஆம் ஆண்டை ஒட்டி ஐந்து வேகப் பெட்டியும் இடப்புற மிதியும் புல்லட்டுக்கு வரத் தொடங்கின. அதன்பின் எஞ்சினும் பெட்டியும் ஒரே உடலாக வார்க்கப்பட்ட வகைகள் வந்து, ஆல்பியன் பெட்டி பழமையாயிற்று. புதிய பெட்டிகள் நன்கு உழைக்கின்றன. அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பழைய பெட்டியோடு, கேட்டறியும் பழக்கமும் போய்விடலாகாது என்பதே என் கவலை. உறுப்பு எதுவாயினும் ஆற்றல் செல்லும் வரிசை மாறவில்லை: எஞ்சின், கிளட்ச், பெட்டி, சங்கிலி, சக்கரம். வெளியே எளிதில் காணத்தக்கதை முதலிலும், பிரித்துக் காண வேண்டியதை இறுதியிலும் வைத்து ஆராய்பவரே நல்ல தொழிலாளி. நூறாண்டு அனுபவம் நமக்குத் தந்துள்ள சிக்கனமான பாடம் இதுவே.